பெருங்கணவாயின் கண்

நெல்சன் துறைமுகம், நியூசிலாந்து
9.11.2003

அன்புள்ள பாலாவுக்கு,

உன் புருஷன் செல்லச்சாமி உயிரோடு வந்து சேர்ந்துவிட்டான். நாளை மறுநாள் கப்பல் தெற்கே, தென்துருவக் கடலுக்குப் புறப்படுகிறது. மீன் பிடிக்கிற ஆட்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, சிலி என்று பல நாட்டுக்காரர்கள். அத்தனை வயிற்றுக்கும் நான் ஒருவன்தான் சமையல். குசினி நம் மகாய்யாவை வீட்டுக் குசினியை விடச் சின்னது. ஆனால் யாரும் உள்ளே வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதில்லை.

போன் பேசியிருக்கலாம். பேசினால் நீ ‘ம்’ என்பாய். ஒரு ‘ம்’ கேட்பதற்கு இவ்வளவு கடல் தாண்டிப் பேச வேண்டுமா என்றுதான் எழுதுகிறேன்.

உன் அம்மா ஊர்க் கம்பளை ஸ்டேசனில் ரயில் எடுத்தபோது நான் கதவில் தொங்கிக்கொண்டு கையை ஆட்டினேன். நீ உன் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாய். நேராகப் பார்த்தாய். அத்தை கை காட்டினா. கடலை விற்கிறவன்கூடப் பாவம் பார்த்து ஒரு கை காட்டினான். நீ அசையவில்லை. பேராதனை வரும்வரைக்கும் எனக்கு இருக்கையில் உட்காரத் தோன்றவில்லை.

எல்லாம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு ஹோட்டலில் என்னோடு வேலை செய்கிறவர்களை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சமையல்காரன் வீட்டுப் பொங்கல், அதில் கடுக்குப் படுக்கென்று கல். “டீச்சரம்மாவுக்குக் கண்ணெல்லாம் பொஸ்தகத்துலதான், அரிசியில இல்ல” என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. சரி, கோபம் இரண்டு நாள் இருக்கும் என்று பார்த்தேன். அது கூடிக்கொண்டே போனது. மணிக்கூட்டுக் கோபுரத்துப் பஸ் தரிப்பில் புதுச் சட்டையும் போட்டுக்கொண்டு உனக்காக நின்றேன். என்னை உரசிக்கொண்டு போனாயே, ஒரு வார்த்தை பேசினாயா? கட்டின புருஷனைக் கண்டும் காணாமல் போகிற வீட்டில் இருப்பதை விடக் கப்பலில் இருக்கலாம் என்றுதான் வந்தேன்.

மார்ச் மாதம் இதே துறைமுகத்துக்குத் திரும்பி வருவோம். அப்போது இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எது என்பதை நீதான் சொல்ல வேண்டும். வா என்றால் வருகிறேன். ஏஜென்ட் முகவரிக்கு எழுது. எங்கள் பக்கம் வருகிற கப்பல்களில் கொடுத்துவிடுவார்.

செல்லச்சாமி


மகாய்யாவை, கண்டி
30.11.2003

செல்லச்சாமி அவர்களுக்குப் பாலாம்பிகை எழுதுவது.

கடிதம் கிடைத்தது. பொங்கலில் கல் கிடந்தது உண்மை. நான் அரிசியைச் சுளகில் போட்டு இரண்டு தரம் பார்த்தேன் என்பதும் உண்மை. நம்பினால் நம்புங்கள்.

வா, வராதே என்று சொல்ல இது நேரமில்லை. மார்ச் வரட்டும்.

பள்ளிக்கூடம் நடக்கிறது. ஹந்தானைக்கு ஏறுகிற பஸ் வழக்கம்போல வழியில் நிற்கிறது. நீங்கள் போயிருக்கிற கடலைப் பற்றி என் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். என்னிடம் இருக்கும் புத்தகத்தில் அந்தக் கடலுக்கு ஒரு பந்திதான் கொடுத்திருக்கிறார்கள், அதிலும் பாதி பென்குயின். கண்ணில் பட்டதை எழுதுங்கள். விபரமாக எழுதுங்கள், நிறம், அளவு, மணம் எல்லாம்.

தாள் முடிந்துவிட்டது.

பாலாம்பிகை


ரொஸ் கடல்
15.1.2004

அன்புள்ள பாலாவுக்கு,

உன் கடிதம் ஒரு மாதம் அலைந்து என்னிடம் வந்தது. பிரித்தால் ஒரு பக்கத்துக்கு ஆறே வரி, சினிமா போஸ்டர் மாதிரி எழுத்து. சண்டையைக்கூட இவ்வளவு பெரிதாகவா எழுதுவாய்? பக்கத்தில் நின்ற சிலிக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, மனைவி காது கேளாதவளா என்று கேட்டான்.

இன்றைக்குப் பொங்கல். இங்கே சூரியனை எழுப்ப வேண்டியதில்லை, அது இந்த மாதம் முழுக்கப் படுக்கவே போகாது. அரிசியை நானே தாம்பாளத்தில் பரப்பிப் பார்த்தேன். சுத்தமான அரிசி, ஒரு கல் இல்லை. ஒரு கல்லாவது கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான்.

நீ கேட்ட விபரம் இந்த முறை என்னிடம் நிறைய இருக்கிறது. உட்கார்ந்து வாசி.

நாங்கள் பிடிக்கிற மீன் ஆள் உயரம் வரும், வாய் நிறையப் பல். நான் அதற்குப் பல்லன் என்று பெயர் வைத்திருக்கிறேன். கயிற்றில் ஆயிரக்கணக்கில் தூண்டிலைக் கட்டி ஆழத்துக்கு இறக்கி, அடுத்த நாள் இயந்திரத்தால் இழுப்பார்கள். எவ்வளவு ஆழம் என்றால், நம் ஹந்தானை மலையை அடியோடு தூக்கிப் போட்டாலும் உச்சி வெளியே தெரியாது. போன கிழமை கயிறு மேலே வரமாட்டேன் என்றது. எல்லாரும் ஓடினார்கள். நானும் கையில் அகப்பையோடு ஓடினேன். தண்ணீருக்கு மேலே ஒரு பல்லன் வந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒரு கணவாய் வந்தது.

நீ சந்தையில் பார்க்கிற கணவாயை நினைக்காதே. லொறிக்குள் போட்டால் கைகள் வெளியே தொங்கும். சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். எட்டுக் கை, அதற்கு மேல் தும்பிக்கை மாதிரி இரண்டு நீளத் தும்பி. ஒட்டுகிற வட்டங்களோடு கொக்கிகளும் இருக்கின்றன, புலி நகம் மாதிரி. தும்பியின் நுனியில் இருக்கிற கொக்கி சுற்றிலும் திரும்புகிறது. நானே விரலால் திருப்பிப் பார்த்தேன். நடுவில் கிளி மூக்கு, ஆனால் கிளி எருமை அளவு இருந்தால் வருகிற மூக்கு. உயிர் ஊசலாடியது. பல்லனை விடுகிறதாக இல்லை. செத்துக்கொண்டிருக்கும்போதும் சாப்பாட்டை விடாத பிராணியை ஒரு சமையல்காரனாக நான் கும்பிட்டேன்.

கப்பலில் மார்கரெட் என்று ஒரு அம்மா இருக்கிறா. மீன் பிடிப்பதைக் கண்காணிக்க வந்த விஞ்ஞானி. அவ டெக்கில் முழங்கால் போட்டு அழுதேவிட்டா. இந்தக் கணவாயைப் பற்றி உலகத்துக்குத் தெரிய வந்ததே திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் கிடந்த கைகளால்தானாம். எண்பது வருடமாகிறது, முழுதாகக் கிடைத்ததை விரல் விட்டு எண்ணலாமாம். உயிரோடு அதன் சொந்த இடத்தில் கண்டவர் ஒருவரும் இல்லை. தென்துருவத்தைச் சுற்றியிருக்கிற கடலில்தான் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது மேல்தண்ணீரில் திரிந்து, வளர வளரக் கீழே கீழே இறங்கிப் போகுமாம். நாங்கள் பிடித்தது ஆறு மீட்டர், அதுவும் வளர்ந்து முடியாததாம்.

இனி என் கதை. எங்கள் கப்பலில் ஒரு பழக்கம் உண்டு. குசினி வாசலில் வாளியில் என்ன வைத்தாலும் அது சமையலுக்கு. கேள்வி கிடையாது. அன்றைக்கு வாசலில் ஒரு வாளி, அதற்குள் வெள்ளை வெளேரென்று கணவாய்த் துண்டு. நம் ஊர் ஆளுக்குக் கணவாயைக் கண்டால் கை சும்மா இருக்குமா? வட்டமாக அரிந்து, வறுத்த தூளும் புளிப்புக்குக் கொறுக்காப்புளியும் போட்டுக் கறி வைத்தேன். மூடியைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக் கக்கூஸ் கழுவுகிற மணம்! முதல் வாய் வைத்த இந்தோனேசியாக்காரன் ஓடிப்போய்க் கடலில் துப்பினான். அப்போதுதான் மார்கரெட் அம்மா வந்து, “வேர் இஸ் மை பக்கெட்?” என்றா. அவ பாடம் பண்ணி வைக்க எடுத்த தும்பித் துண்டு! ஐஸ் அறைக்குக் கொண்டு போகிற வழியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறா. கத்தினா பார், நான் உப்புச் சாக்குக்குப் பின்னால் ஒளிந்தேன். பிறகு சட்டியை முகர்ந்து பார்த்தவ, சிரிக்கத் தொடங்கி நிறுத்தவே இல்லை. அந்தப் பிராணி தன் சதைக்குள் அமோனியாவைச் சேர்த்து வைக்குமாம். அது கடல் தண்ணீரை விட லேசு என்பதால் அவ்வளவு பெரிய உடம்பு அமிழாமல் மிதக்குமாம். ஆக, உலகத்திலேயே அதைக் கொறுக்காப்புளி போட்டுச் சமைத்தவன் உன் புருஷன் ஒருவன்தான். நல்ல வேளை, இன்னொரு தும்பி முழுதாக இருந்தது.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. சாப்பாட்டுத் தட்டளவு கண். மேலே வந்ததும் உடைந்து தொய்ந்துவிட்டது. உள்ளே இருக்கிற வில்லை தோடம்பழம் அளவு, உள்ளங்கை நிறைகிற உருண்டை. உலகத்தில் வேறு எந்தப் பிராணிக்கும் இவ்வளவு பெரிய கண் இருக்க முடியாது என்கிறா மார்கரெட். சூரியன் எட்டாத இடத்தில் அவ்வளவு பெரிய கண்ணை வைத்து எதைப் பார்க்கிறது என்று கேட்டேன். தெரியாது என்றா.

மீன் ஏற்ற வந்த கப்பல் புறப்படுகிறது. வருவதா, இருப்பதா என்ற என் கேள்விக்கு இந்த முறையாவது பதில் எழுது.

செல்லச்சாமி


மகாய்யாவை
20.2.2004

சமையற் சக்கரவர்த்தி செல்லச்சாமி அவர்களுக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது. பக்கத்து வீட்டுக் குல்சும் அக்கா மதிலுக்கு மேலால், “என்ன புள்ள, தனிய இருந்து சிரிக்கிறீங்க, ஏதும் புடிச்சிக்கிட்டா?” என்று கேட்டா. வாளிக் கதையைச் சொன்னேன். அவவும் சிரித்தா. அக்குறணையில் இருக்கிற தன் தம்பி றவூபுக்கும் சொல்லி, இப்போது அவர் கடைக்கு வருகிறவர்களெல்லாம் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்களாம்.

உங்கள் கணவாயைப் பள்ளிக்கூட மைதானத்தில் கீறிவிட்டோம். விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூள் மிச்சமிருந்தது. ஆறு மீட்டர் அளந்து, பிள்ளைகளைக் கை கோர்த்து நிற்க வைத்து, அவர்கள் காலடியில் தூவிக்கொண்டு போனேன். கரும்பலகையில் எழுதுவதை விட எனக்கு அது இலேசாக இருந்தது. கண்ணுக்குச் சத்துணவுத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தோம். அப்புறம் ஒவ்வொருவராக அதன் கைக்குள் படுத்துப் பார்த்தார்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போன அம்மாமார்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். ஒரு பிள்ளை, “டீச்சர், இது நம்ம லயத்துக் காம்பராவுக்குள்ள கொள்ளுமா?” என்று கேட்டது. கொள்ளாது என்றேன். நம் ஆட்கள் குடும்பத்தோடு இருக்கிற அறைக்குள் ஒரு கணவாய் கொள்ளாது.

இனிக் கண் விஷயம். மார்கரெட் அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இது என் ஊகம்தான். அந்தக் கண் இரை பிடிப்பதற்காக இருக்காது. மீனைப் பிடிக்க அவ்வளவு பெரிய கண் தேவையில்லை. அது பயப்படுகிற ஒரே ஆள் திமிங்கிலம். திமிங்கிலம் சத்தத்தால் வேட்டையாடும், விளக்குக் கொண்டு வராது. ஆனால் ஆழத்தில் தட்டினால் ஒளிவிடுகிற நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. திமிங்கிலம் வருகிற வழியெல்லாம் அவை மினுங்கும். அந்த மங்கல் தூரத்திலேயே தெரிந்தால் தப்பி ஓடலாம். ஆகவே அந்தக் கண் உருவத்தைப் பார்க்க அல்ல. ஏதோ பெரியது வருகிறது என்பதைப் பார்க்க.

எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். வருகிற பஸ்ஸில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று தெரியாமலே பஸ் வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதைப் போல.

இதையும் கேட்டு எழுதுங்கள்: கண்ணைச் சுற்றி அதற்கே விளக்கு இருக்கிறதா? வில்லை மங்கிப்போனால் அது உயிர் பிழைக்குமா?

பாலாம்பிகை


நெல்சன்
17.3.2004

பாலா,

கரைக்கு வந்துவிட்டோம். உன் கடிதத்தை ஏஜென்ட் அறையில் நின்றபடியே வாசித்தேன். முதல் பக்கம் சிரிப்பு வந்தது. கடைசிப் பக்கம் வந்ததும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று. ஒன்றும் இல்லை.

கணவாயின் கண் எப்படி, வில்லை எப்படி, விளக்கு எப்படி. ஏனம்மா, கணவாய்க்கா கழுத்து நீட்டினாய்? கொதி எண்ணெய் தெறித்து என் கை ஒரு மாதம் கட்டுப் போட்டிருந்தது. அதை நான் எழுதவில்லை, ஏனென்றால் நீ ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று ஒரு வரி கேட்கவில்லை.

விளக்கு இருக்கிறதாம். அதன் உறவுக்காரக் கணவாய்களுக்குக் கண்ணோரம் வெளிச்சம் உண்டு, இதற்கும் இருக்க வேண்டும் என்கிறா மார்கரெட் அம்மா. உன் ஊகத்தைச் சொன்னேன். குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டா. பிறகு, “உன் மனைவியை நான் சந்திக்க வேண்டும்” என்றா. நானும் சந்திக்க வேண்டும் என்றுதான் இருக்கிறேன் என்று சொன்னேன். அவவுக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் சொன்னா. அந்தக் கணவாயின் மூளை வடை மாதிரி நடுவில் ஓட்டையாம். தொண்டைக் குழாய் அந்த ஓட்டைக்குள்ளால் போகிறது. பெரிய துண்டாக விழுங்கினால் மூளை அடிபடும், அதனால் கடித்துக் கடித்துச் சின்னதாக்கித்தான் விழுங்குமாம். பொங்கலன்று நான் சொன்னதை நீ முழுதாக விழுங்கிவிட்டாய் போலிருக்கிறது. அது தப்பென்றால் தப்பு. ஆட்களுக்கு முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஒரு வருடமாக என்னைப் பார்க்காமல் நடக்கிற அளவுக்கா?

ஏப்ரல் பத்தாம் திகதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். வா என்று எழுது. அல்லது வராதே என்று எழுது. போஸ்டர் எழுத்தில் ஒரு சொல் போதும்.

செல்லச்சாமி


மகாய்யாவை
28.3.2004

என்னங்க,

எழுத்தைப் பற்றி இரண்டு தரம் கேலி பண்ணிவிட்டீர்கள். இது மார்க்கர் பேனையால் எழுதுவது. இதை விடச் சின்னதாக எழுதினால் நான் எழுதியதை நானே வாசிக்க முடியாது. உங்கள் கடிதங்களையும் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு எழுத்தாகத்தான் வாசிக்கிறேன்.

எனக்குக் கண் தெரியவில்லை. இருட்டு இல்லை, வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும். ஆனால் ஒரு தெருவிளக்கு ஆறு விளக்காகத் தெரிகிறது, ஒவ்வொன்றுக்கும் வால் முளைத்திருக்கிறது. முகங்கள் கரைந்துவிட்டன. கண்ணின் முன்பக்கத்துப் படலம் மெலிந்து கூம்பு மாதிரித் தள்ளிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்கிறார். நீங்கள் காணாமல் பள்ளிக்கூடத்தில் மட்டும் போட்ட கண்ணாடியை மாற்றி மாற்றி இனி மாற்றக் கண்ணாடி இல்லை.

ஆகவே சுளகில் கல்லும் அரிசியும் எனக்கு ஒரே வெள்ளை. விரலால் தடவித்தான் பொறுக்கினேன்.

பஸ் தரிப்பில் உங்களை உரசிக்கொண்டு போனதாகச் சொல்கிறீர்கள். எனக்குத் தெரியாது. நான் உங்களைச் சட்டை நிறத்தால்தான் கண்டுபிடிப்பேன். அன்றைக்கு என்னிடம் சொல்லாமல் புதுச் சட்டை வாங்கிப் போட்டது யார் குற்றம்?

கம்பளை ஸ்டேசனில் அம்மா என் இடுப்பில் இடித்து, “கையக் காட்டுடி, கையக் காட்டு” என்றா. எந்தப் பெட்டி என்று சொல்லவில்லை. ரயில் முழுக்கக் கைகள் மாதிரித்தான் இருந்தது. வேறு எவனுக்கோ கை காட்டிவிடுவேனோ என்று பயந்து அப்படியே நின்றேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று குதிப்பீர்கள். பெண் பார்க்க நீங்கள் வந்த அன்றைக்கே அம்மா என் கண்ணாடியைப் பிடுங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா. கண்ணாடி போட்ட பொண்ணு என்றால் போய்விடுவார்களாம். தேத்தண்ணியை மாப்பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டும், நான் உங்கள் பெரியப்பாவுக்குக் கொடுத்தேன். எல்லாரும் வெட்கம் என்று சிரித்தார்கள். உங்கள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. “தேத்தண்ணியில இஞ்சி போட்டது யாரு, நல்லாருக்கு” என்று கேட்ட குரலுக்குத்தான் சம்மதம் சொன்னேன். இப்படித் தொடங்கியதை எந்த நாளில் நிறுத்திச் சொல்வது? சொல்லலாம் என்று இருந்தபோதுதான் ஹோட்டல் ஆட்களுக்கு முன்னால் என் கண்ணை இழுத்தீர்கள். இனி இவருக்குச் சொன்னால் நான் மனுசியே இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது. பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை. கண் தெரியாத டீச்சரை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்?

வழி இருக்கிறது. இறந்தவர் கொடுத்துவிட்டுப் போன கண்ணிலிருந்து அந்தப் படலத்தை எடுத்துத் தைப்பார்கள். இந்த நாட்டில் கண் எழுதி வைக்கிறவர்கள் அதிகம், வெளிநாட்டுக்கும் இங்கேயிருந்துதான் போகிறது என்கிறார் டாக்டர். கண் வந்தால் அன்றைக்கே கூப்பிடுவார்கள். முதலில் வலது கண். எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பயமும் இருக்கிறது.

இவ்வளவும் எழுதிய பிறகு வா என்று எழுதமாட்டேன். பரிதாபப்பட எனக்கு ஏற்கனவே அம்மா இருக்கிறா. நீங்கள் பரிதாபத்தோடு வந்தால், இனி என் சோற்றில் எத்தனை கல் கிடந்தாலும் பேசாமல் விழுங்குவீர்கள். அப்படி ஒரு புருஷனோடு என்னால் ஒரு வேளை சாப்பாடு சாப்பிட முடியாது. வராதே என்றும் எழுதமாட்டேன், அது பொய். கையெழுத்தை நீங்களே யோசித்துப் போடுங்கள்.

கை சுகமாகிவிட்டதா? எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள்
பாலா


கண்டி ஆஸ்பத்திரி, கண் வார்டுக்கு வெளியே
2.5.2004

பாலா,

நான் இங்கேதான் இருக்கிறேன். உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு நர்ஸும்தான். அந்த நர்ஸ் சுவரை விடப் பலம்.

உன் கடிதம் கையெழுத்துப் போடுகிற திகதிக்கு முதல் நாள் கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெங்காயம் உரிக்கிறேன் என்று சொன்னேன். கையெழுத்துப் போடவில்லை. பதில் எழுதினால் அதற்கு முன்னால் நான் வந்துவிடுவேன் என்று எழுதவுமில்லை. ஆனால் என் இடத்துக்கு வேறு சமையல்காரன் வரும்வரை விடமாட்டோம் என்று பிடித்து வைத்துவிட்டார்கள். மகாய்யாவைக்கு வந்தால் வீட்டில் பூட்டு. குல்சும் அக்காதான், “அல்லாஹ்வே, இப்பதான் வாறீங்களா தம்பி! புள்ளைக்கு முந்தாநாள் கண் வந்து, அன்டைக்கே வெட்டிட்டாங்க” என்றா. வந்த பெட்டியை அவ வீட்டுக் கதிரையில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். தெருவெல்லாம் வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதில் முட்டினேன் என்றே தெரியவில்லை.

வாசலில் நர்ஸ் பிடித்துக்கொண்டா. அழக்கூடாது, அதிர்ச்சி கூடாது, தையல் பச்சையாக இருக்கிறது, அழுதால் கெட்டுவிடும் என்று சிங்களத்தில் சொன்னா. நான் அப்படியே திரும்பிவிட்டேன். என்னைக் கண்டால் நீ சிரிப்பாயா அழுவாயா என்று எனக்குத் தெரியாது. உன் கண்ணை வைத்து அதைப் பரீட்சை பண்ண எனக்குத் தைரியம் இல்லை. ஆட்களைப் பார்க்க விடுகிற நேரத்தில் வாசலில் நின்று உன்னைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். கட்டோடு உட்கார்ந்து பக்கத்துக் கட்டில் பாட்டிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாய். உன்னை எந்தக் கண் என்ன செய்யும்!

ஒன்றைத் தெளிவாக எழுதுகிறேன். நான் பரிதாபப்பட்டு வரவில்லை. கோபத்தோடு வந்திருக்கிறேன். ஒரே வீட்டில் மூன்று வருடம், ஒரே சட்டியில் சாப்பாடு. நான் உப்புக் குறைந்தால் தூரத்திலிருந்தே மணத்தில் சொல்கிறவன். என் பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அதை எனக்குத் தெரியவிடாமல் நீ மறைத்தாய். அதற்கு உன்னோடு பெரிய சண்டை இருக்கிறது. விமானத்தில் வரும்போதே என்னென்ன கேட்பது என்று பாடமாக்கிக்கொண்டு வந்தேன். இங்கே சண்டைக்கு அனுமதி இல்லை. கட்டு அவிழ்க்கட்டும்.

என்னோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. அரிசியில் கண் இல்லை என்று சொன்ன வாயை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

யாருடைய கண் என்று கேட்டேன். சொல்லமாட்டார்களாம். கண் எழுதிக் கொடுக்க எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். நர்ஸ் முதல் தடவையாகச் சிரித்து, வழி காட்டினா. கப்பலுக்குப் போடாத கையெழுத்தை அங்கே போட்டுவிட்டு வந்தேன்.

இதைக் குல்சும் அக்காவிடம் கொடுக்கிறேன். உனக்கு வாசிக்க முடிந்த பிறகு தரச் சொல்லியிருக்கிறேன்.

செல்லச்சாமி


வார்டுக்குள்ளே
3.5.2004

என்னங்க,

குல்சும் அக்காவிடம் இரகசியம் கொடுத்தால் அது அக்குறணைக்கே போய்விடும். எனக்கு வராமல் இருக்குமா? இன்று காலையிலேயே கட்டிலில் உட்கார்ந்து முழுதையும் வாசித்துக் காட்டினா. நடுவில் அவதான் அழுதா. நான் அழவில்லை.

எழுதுவது இடது கண்ணால். கோடு வளைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் நேற்றுக் கட்டை அவிழ்த்துப் பார்த்து, நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார். வலது கண்ணில் அவருடைய கை விரல் தெரிந்தது. விரல் என்றால் நகத்தோடு விரல். தையல் எல்லாம் எடுக்க ஒரு வருடமாகும், அதற்குப் பிறகுதான் சரியாகத் தெரியுமாம். நகம் தெரிந்தது, இப்போதைக்கு அது போதும். யாரோ ஒருவர் உயிரோடு இருக்கும்போது யோசித்து எழுதி வைத்த கண். எந்த ஊரோ, எந்த மொழியோ. அந்த வீட்டில் இன்றைக்கு அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனது தாங்கவில்லை. அதனால் அழாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். நீங்கள் கையெழுத்துப் போட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

வாசலில் நிற்கிறேன், நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். எல்லாரும் பிளாஸ்க்கோடும் சோற்றுப் பார்சலோடும் கட்டிலுக்கு வருகிறார்கள், ஒரு ஆள் மட்டும் வாசலிலேயே நிற்கிறது. காவல்காரர் என்று நினைத்து நேற்று, “மணி என்னங்க?” என்று சத்தமாகக் கேட்டேன். அந்த ஆள் தலையை ஆட்டியது. மணி கேட்டால் தலையை ஆட்டுகிற மனுசர் இந்த உலகத்தில் வேறு யார் இருக்கப்போகிறார்கள்? அப்போதே தெரிந்துவிட்டது. இரவு முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லவில்லை.

கோபத்தோடு வந்தது நல்லது. எனக்கும் இன்னும் தீரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை இருக்கிறது. உட்கார்ந்து, சத்தம் போடாமல், முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். அழமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அதை நானும் டாக்டரும் பார்த்துக்கொள்கிறோம்.

நாளைக்குக் கிட்ட வாங்க.

பாலா